'இதோ வந்துட்டேன்'னா எப்போ வருவீங்க? - கொடைக்கானல் வெளிநாட்டுவாசிகளின் விலைக் கணக்கும் நேரக் கணக்கும்

ஒரு சின்ன கற்பனை. நீங்கள் ஒரு வெளிநாட்டுக்காரர். கொடைக்கானலில் ஒரு வருஷம் தங்க வந்திருக்கிறீர்கள். வீட்டில் குழாய் ஒழுகுகிறது. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட தமிழில் பிளம்பருக்கு போன் போட்டு, "எங்கே இருக்கீங்க?" என்று கேட்கிறீர்கள். "இதோ வந்துட்டேன் சார்!" என்று பதில் வருகிறது.

இலக்கணப்படி அது இறந்தகாலம். அதாவது, ஆள் ஏற்கெனவே வந்தாச்சு. ஆசையாகக் கதவைத் திறக்கிறீர்கள். வாசலில் மூடுபனிதான் நிற்கிறது!

நமக்குத் தெரியும், 'வந்துட்டேன்' என்றால் இன்னும் கிளம்பவில்லை, 'அஞ்சு நிமிஷம்' என்றால் அரை மணி நேரம், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றால் பெரும்பாலும் 'முடியாது'. இதை எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை பாஸ்.

வந்தவர்களால் உருவான ஊர்

கொடைக்கானல் நகரமே வெளியூர்க்காரர்களால் உருவானதுதான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து 1845-ல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-ல் வெரே ஹென்றி லெவின்ஜ் ஏரியை உருவாக்கினார். 1901-ல் மிஷனரி பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். வட்டக்கானலுக்கு இஸ்ரேல் இளைஞர்கள் தொடர்ந்து வருவதால், அதற்கு 'லிட்டில் இஸ்ரேல்' என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு.

மோட்டார் சாலை வருவதற்கு முன்பு துரைமார்கள் எப்படி மேலே வந்தார்கள் தெரியுமா? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து, நாற்காலியில் உட்காரவைத்துக் கூலி ஆட்கள் தூக்கிவந்தார்கள். 'ஆட்கள் லேட்டா வர்றாங்க' என்ற புலம்பல் அப்போதே தொடங்கியிருந்தால்கூட ஆச்சர்யமில்லை. சுமந்தவர்கள் தரப்பை யாராவது கேட்டிருப்பார்களா என்பதுதான் சந்தேகம்.

முகத்தைப் பார்த்துச் சொல்லும் விலை

சரி, கடைக்குப் போவோம். இங்கே இரண்டு வகையான பொருள்கள் உண்டு. ஒன்று, எம்.ஆர்.பி அச்சடித்த பாக்கெட். மலையாக இருந்தாலும் சமவெளியாக இருந்தாலும், அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது சட்டம். பல நாடுகளில் இப்படி ஒரு ஏற்பாடே இல்லாததால், அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதே புதிதாக வருபவருக்குத் தெரியாது.

இன்னொன்று, விலை அச்சடிக்காத எல்லாம். காய்கறி, டாக்சி, வீட்டு வாடகை, குழாய் ரிப்பேர். இங்கேதான் முகத்தைப் பார்த்து விலை வரும்.

ஆனால், எல்லா விலை உயர்வும் ஏமாற்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தையைப் பாருங்கள். மன்னவனூர், பூம்பாறை பக்கம் விளையும் கேரட், உருளைக்கிழங்கு, மலைப்பூண்டு எல்லாம் பக்கத்துச் சரக்கு. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கீழேயிருந்து மலையேறி வரவேண்டும். கொடை ரோடு ஸ்டேஷனில் இருந்து ஊர் சுமார் 80 கி.மீ. அந்த வளைவுகளில் எரியும் டீசல் செலவு காய் விலையில் ஏறத்தானே செய்யும்?

'வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை' என்பதைச் சந்தைக்காரர் மட்டும் செய்யவில்லை. மாமல்லபுரம் நினைவுச் சின்னங்களுக்கு நமக்கு டிக்கெட் 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். ஒரே வித்தியாசம், அது போர்டில் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து ஒருவர் முணுமுணுக்கலாம். ஆனால் 'என்னை ஏமாத்திட்டாங்க' என்று நினைக்க மாட்டார். சொல்லாமல் வாங்கும் கூடுதல் பத்து ரூபாய்தான் மனதில் தைக்கிறது.

இதில் நாம் கவனிக்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. டாலரிலோ யூரோவிலோ கணக்குப் போடுபவருக்கு, நமக்குக் கட்டுப்படியாகாத வாடகையும் மலிவுதான். அவர் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போவார். வார இறுதிக்கு வரும் பெங்களூரு, சென்னை ஆட்களும் அப்படித்தான். அந்த விலை அப்படியே நின்றுவிட்டால், அதே தெருவில் வீடு தேடும் உள்ளூர் நர்ஸும் ஹோட்டல் ஊழியரும்தான் மாட்டிக்கொள்வார்கள். அவர்களுடைய சம்பளம் ரூபாயில் வருகிறது, அதுவும் சீசனைப் பொறுத்து!

லேட் யாருடைய தப்பு?

எட்வர்ட் டி. ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர், நேரத்தைச் சமூகங்கள் இரண்டு விதமாகக் கையாள்வதாகச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று வரிசை போடுவது ஒன்று. பல வேலைகளையும் பல மனிதர்களையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது இன்னொன்று. நாம் இரண்டாவது ரகம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், அது பாதிப் பதில்தான்.

பிளம்பர் இடத்தில் நின்று பாருங்கள். வீடு பக்கத்து மலைக் கிராமத்தில். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். மழை, மண்சரிவு, மரம் விழுந்தது என்று ஏதாவது ஒன்று நடந்தால் சாலையே நின்றுவிடும். நாளைக்கு வேலை வருமா என்று தெரியாததால், இன்றைக்கு அழைக்கும் மூன்று பேரிடமும் 'முடியாது' என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. மூன்று பேருக்கும் அதே 'வந்துட்டேன்'தான்.

சீசன் நெரிசல் இன்னொரு காரணம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிக்கும் விலக்கு உண்டு. ஆனால், டிராஃபிக் ஜாமில் உள்ளூர் வண்டிக்கென்று தனி வழி கிடையாதே!

யார் 'எக்ஸ்பேட்', யார் 'வந்தேறி'?

கடைசியாக ஒரு கேள்வி. 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களில் இருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களும் இந்த மலைகளில் குடியேறின. அவர்களும் புது ஊருக்கு வந்தவர்கள்தான். அவர்களை யாரும் 'எக்ஸ்பேட்' என்று அழைக்கவில்லை. இன்று கட்டட வேலைக்கு வரும் வட இந்திய இளைஞரையும் அப்படி அழைப்பதில்லை. பெயரைக்கூடப் பணம்தான் முடிவு செய்கிறது.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உங்கள் அண்ணனையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள். முதல் மாதம் ஒரு டீ குடிக்கும்போதுகூட ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து நெஞ்சில் கைவைத்த கதையைச் சொல்வார்கள். அங்கே அவர்களுக்குச் சரியான விலையைச் சொல்லிக் கடைக்குக் கூட்டிப்போன முகம் தெரியாத ஒருவர் நிச்சயம் இருந்திருப்பார்.

அடுத்த முறை கொடைக்கானல் சந்தையில் ஒரு வெளிநாட்டுக்காரர் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தால், அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். அப்படியே உங்கள் நண்பர் போன் செய்து "எங்கேடா இருக்க?" என்று கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள்: "இன்னும் குளிக்கவே இல்லை மச்சான்!"