டயர் காற்றழுத்த எச்சரிக்கை ஒவ்வொரு காரிலும் வேண்டும்: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும், விலை குறைந்த அடிப்படை வேரியன்ட் உட்பட, டயர் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி கட்டாயமாக்கப்பட வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள், வாடகை வண்டி ஓட்டுநர்கள், டயர் கடைக்காரர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் உறுப்பினர்களாக இருக்கும் நுகர்வோர் அமைப்பு இது. பல விஷயங்களில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இந்த விஷயத்தில் மூன்று தரப்பும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறோம்.

டிபிஎம்எஸ் என்று ஷோரூமில் சொல்லும் இந்தக் கருவி, டயரில் காற்று குறைந்தால் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கை எரியவிடும். டயரைக் குறுக்கே வெட்டியது போன்ற வளைவு, அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. விளக்கு விடாமல் எரிந்தால் காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிந்தால் கருவியிலேயே பழுது. கார் வாங்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் பலர் விளக்கு எரிந்தும் 'சென்சார் கோளாறு' என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போகிறார்கள்.

கருவி எதற்கு, டயரைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. இன்றைய ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்றிலேயே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 25 இருந்தால், அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் பார்வையில் பிடிபடாது. காலால் உதைத்துப் பார்ப்பதும் கட்டையால் தட்டிப் பார்ப்பதும் டயர் முழுவதும் தட்டையானதா என்று மட்டுமே சொல்லும். 33-க்கும் 25-க்கும் இடையே நடப்பதுதான் ஆபத்து.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'வெயில் காலத்தில் டயர் சூடாகி வெடிக்கும், அதனால் காற்றை இரண்டு மூன்று பாயிண்ட் குறைத்து வை' என்று பெட்ரோல் பங்கிலும் டாக்சி ஸ்டாண்டிலும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் விளைவு நேர்மாறானது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் படும் இடத்தில் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சூடாவதைப் போல, டயரின் பக்கச்சுவரும் உள்ளிருந்து சூடேறுகிறது. வேகம் கூடக் கூட, பாரம் ஏற ஏற, வெப்பம் வெளியேற நேரமே கிடைப்பதில்லை. ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகு இழைப் பட்டைக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து டயர் பிரிகிறது. வெளியே 40 டிகிரி வெயில் அடிப்பது இந்தச் சூட்டை இன்னும் ஏற்றிவிடும். ஆகவே கோடையில் காற்றைக் குறைப்பவர், வெடிப்பைத் தடுப்பதாக எண்ணி அதற்கே வழிசெய்கிறார்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கமும் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடிவந்த வண்டியைப் பங்கில் நிறுத்திக் காற்று பார்க்கிறோம். ஓடிய சூட்டில் கேஜ் 37 காட்டுகிறது. 'அதிகமா இருக்கு சார்' என்று பையன் 33-க்கு இறக்கிவிடுகிறார். டயர் ஆறியதும் அது 29 அளவில்தான் நிற்கும். கார்க் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்றபின் இருக்க வேண்டிய அழுத்தம். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும் டிபிஎம்எஸ் உள்ள காரை ஓட்டுபவர் சில வாரங்களிலேயே இதைத் தானாகப் புரிந்துகொள்கிறார். காலையில் 33, ஓடியபின் 36, மறுநாள் காலை மீண்டும் 33. அது ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தவர் பங்கில் காற்றை இறக்கவிட மாட்டார் என்பதை எங்கள் வாடகை வண்டி உறுப்பினர்களிடமே காண்கிறோம்.

இந்தியச் சட்டத்தின் நிலைக்கு வருவோம். 2019 ஜூலை முதல் கார்களில் சீட் பெல்ட் நினைவூட்டலும், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் வேக எச்சரிக்கையும் கட்டாயம். பின்னால் எடுக்கும்போது ஒலிக்கும் சென்சாரும் அப்படியே. அதே 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. டயருக்கு மட்டும் எச்சரிக்கை இல்லை. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் டிபிஎம்எஸ் ஒரு நிபந்தனையாக நுழைந்தது: டியூப்லெஸ் டயரும், டிபிஎம்எஸ்ஸும், பஞ்சர் கிட்டும் இருந்தால் 3.5 டன் வரையிலான கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை. அதாவது ஸ்டெப்னியை எடுத்துவிடும் காரில் எச்சரிக்கை வேண்டும், மற்றக் கார்களில் நிறுவனத்தின் விருப்பம். பாதுகாப்புக் கருவியைச் சக்கரத்துக்கு ஈடான பொருளாக மட்டும் பார்த்த விதி இது. இதை நாங்கள் போதுமானதாக ஏற்கவில்லை.

நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டதன் பலன் கண்முன்னே இருக்கிறது. ஒரே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டில் இருக்கும் கருவி, கீழ் வேரியன்ட்டில் இருப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குள் ஓடும் காருக்கு எச்சரிக்கை கிடைக்கிறது. இரவு பகலாகத் தேசிய நெடுஞ்சாலையில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் அடிப்படை வேரியன்ட் டாக்சிக்குக் கிடைப்பதில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே இல்லை என்ற இந்த நிலை எங்களுக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

மற்ற நாடுகள் இதைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் உயிரிழப்பு. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர் பொருத்திய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயர் பிரிந்து வண்டி உருண்ட விபத்துகளில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது. 2000 ஆகஸ்டில் லட்சக்கணக்கான டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் வந்த சட்டம்தான் டிபிஎம்எஸ்ஸுக்கு அடித்தளம். 2007 செப்டம்பருக்குப் பிறகு அங்கே தயாராகும் எல்லாக் கார்களிலும் அது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். பிறகு லாரிக்கும் பேருந்துக்கும் அது நீட்டிக்கப்பட்டது. சீனா 2020-இல் எல்லாப் புதிய பயணிகள் கார்களுக்கும் கொண்டுவந்தது. பலன் இருந்ததா? 2012-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, காற்று 25 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்த டயரோடு ஓடும் வாய்ப்பு டிபிஎம்எஸ் உள்ள கார்களில் பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது.

கருவியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்த சென்சார் இருக்கும். அழுத்தத்தை நேரடியாக அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். மற்றது ஏபிஎஸ் சென்சார்களையே பயன்படுத்தும் மறைமுக வகை. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சிறுத்து, அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுவதை வைத்துக் கண்டுபிடிக்கும். ஏபிஎஸ் எல்லாக் காரிலும் ஏற்கெனவே இருப்பதால், இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் மென்பொருள் போதும். விலை கூடிவிடும் என்ற வாதம் இங்கே நிற்காது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று மெல்ல இறங்கினால், பழைய மாதிரி மறைமுகக் கருவிக்கு அது தெரியாது. ஒப்பிட வேறு சக்கரம் இல்லையே. அமெரிக்காவில் முதலில் வந்த விதி, ஒரே ஒரு டயரின் குறைவைக் கண்டால் போதும் என்று சலுகை தந்தது. பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுக்க, 2003-இல் நீதிமன்றம் அந்த விதியை ரத்துசெய்தது. நான்கையும் கண்காணிக்கும் விதி அதன் பிறகே வந்தது. இந்தியாவில் நாங்கள் கேட்பதும் அதுவே: எந்த வகைக் கருவியாக இருந்தாலும் சரி, நான்கு டயரும் சேர்ந்து இறங்கினாலும் காட்ட வேண்டும். அதிர்வைப் பகுத்துப் பார்த்து இதைச் செய்யும் மறைமுகக் கருவிகள் இன்று இருக்கின்றன. கூடவே, காற்று நிரப்பாமலே ரீசெட் பட்டனை அழுத்தி விளக்கை அணைத்துவிடும் வழக்கத்துக்கும் முடிவு வேண்டும். அப்படி அழுத்தினால் குறைந்த அழுத்தத்தையே சரியானதென்று கருவி எடுத்துக்கொள்ளும்.

எங்கள் டயர் கடை உறுப்பினர்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் தீரும். பெரும்பாலானவற்றில் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். டயரைக் கழற்றும்போது மெஷினின் அழுத்தமோ இரும்புப் பட்டையோ வால்வுக்குப் பக்கத்தில் விழுந்தால் சென்சார் உடையும். உடைந்தால் பழி கடைக்காரர் மேல். எந்தக் காரில் உள்ளே சென்சார் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரிவதுமில்லை. ஆகவே சக்கரத்திலேயே அதற்கான அடையாளம் ஒட்டப்பட வேண்டும். சென்சாரின் விலையை நிறுவனங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மட்டும்தான் பொருத்த முடியும் என்று பூட்டிவைக்கக் கூடாது. நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைகளுக்குத் தமிழில் படத்துடன் கூடிய செய்முறைத் தாள் தர டயர் நிறுவனங்கள் முன்வர வேண்டும். பெரிய டயர் ஆலைகள் பல இயங்கும் தமிழ்நாட்டில் இது தொடங்குவது பொருத்தம்.

கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் சொல்லவில்லை. டயரிலிருந்து இயல்பாகவே மாதத்துக்கு ஒன்று இரண்டு பிஎஸ்ஐ காற்று கசியும். அமெரிக்க விதிப்படி 25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரிந்தாக வேண்டும். 33 பிஎஸ்ஐ டயர் அந்த எல்லையைத் தொட நான்கைந்து மாதம் ஆகலாம். அதுவரை 28-லும் 27-லும் ஓடினால் விளக்கு வராது, ஆனால் டயரின் இரு ஓரமும் தேயும், எரிபொருளும் வீணாகும். இந்தியாவில் 20 சதவீதம் என்ற ஐரோப்பிய எல்லையே வேண்டும் என்று கேட்பது இதனால்தான். டயரின் வயது, பக்கச்சுவரில் விழுந்த வெட்டு, தேய்மானம் இவை எதுவும் கருவிக்குத் தெரியாது. கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு, கூரையில் சாமான் கட்டிக்கொண்டு போகிறோம் என்பதும் தெரியாது. முழுப் பாரத்துக்குப் பின்பக்க டயரில் எவ்வளவு என்று ஸ்டிக்கரில் தனியே போட்டிருப்பதைப் பார்த்து நாம்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். மும்பை–நாக்பூர் விரைவுச்சாலையில் தேய்ந்த டயரோடு வந்த வண்டிகளை அதிகாரிகள் நுழைவிலேயே திருப்பி அனுப்பியதை வரவேற்கிறோம். தேய்மானத்தை மனிதர் பார்க்கட்டும், காற்றைக் கருவி பார்க்கட்டும். இரண்டும் வேண்டும்.

ஸ்டெப்னி பற்றியும் எங்கள் கருத்தைப் பதிவுசெய்கிறோம். பஞ்சர் கிட்டில் உள்ள பசை, டயர் தரையில் படும் பகுதியில் ஆணி குத்திய துளையை அடைக்கும். குழியில் விழுந்து பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் பயனில்லை. நம் சாலைகளில் அது அடிக்கடி நடக்கிறது. டிபிஎம்எஸ் இருக்கிறது என்பதைக் காட்டி ஸ்டெப்னியை எடுப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

மாநிலப் போக்குவரத்துத் துறை, வாடகை வண்டிகளுக்கு எஃப்சி கொடுக்கும்போது டயர் விளக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவி இருந்து பழுதாகிக் கிடந்தால் சான்று தரக் கூடாது. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள ஏற்பாடு. ஆனால் கேஜ் சரியாக இல்லாவிட்டால் இலவசக் காற்றால் என்ன பயன்? பெட்ரோல் அளவைச் சோதிப்பதைப் போலவே கேஜையும் அதிகாரிகள் சோதிக்க வேண்டும். இலவசக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் என்று காசு வாங்கும் இடங்களில் ஒன்றை நினைவில் வையுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை சரியான அளவு பார்ப்பது அதைவிடப் பெரிது.

ஏற்கெனவே வாங்கிய காரில் கருவி இல்லையென்றால், வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்கள் சந்தையில் கிடைக்கின்றன. நல்ல தரமானதைத் தேர்ந்து, முதல் வாரம் கையால் அளக்கும் கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிய கார் வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சன்ரூஃபும் டச் ஸ்கிரீனும் எந்த வேரியன்ட்டில் என்று கேட்கும் முன், டிபிஎம்எஸ் எந்த வேரியன்ட்டில் என்று கேளுங்கள். நான்கு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டுமா, ஸ்டெப்னி உண்டா என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்று சொன்னால் ஏன் இல்லை என்று அங்கேயே கேளுங்கள்.