பழகப் பழக வருமாம்!

தனக்குத் தெரிந்த வேலையைக் கூட வேலை பார்க்கிறவனுக்குச் சொல்லித் தராமல் ஏன் மறைக்கிறான்? மேலாண்மைப் பாடம் நடத்துகிறவர்களைக் கேளுங்கள். போட்டி, பயம், நம்பிக்கையின்மை என்று அடுக்குவார்கள். சாதி என்ற சொல் மட்டும் அவர்கள் வாயில் வராது.

குரூப் 4 தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன் நான். கோப்பில் குறிப்பு எப்படி எழுதணும், பழைய உத்தரவு எந்தக் கட்டில் இருக்கு என்று கேட்டால் ஒரே பதில்: "பழகப் பழக வரும் தம்பி." அவங்க சாதிப் பையன் சேர்ந்த அன்னைக்கே டீக்கடையில வச்சு எல்லாம் சொல்லிக் கொடுத்தாச்சு. பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர் கேட்டு வந்த கடிதம், என் முறை வரும்போது மட்டும் மேசை டிராயரில் தூங்கியது. பயிற்சி தள்ளிப் போனால் பதவி உயர்வும் தள்ளிப் போகும். அப்புறம் பேச்சு வேற: "கோட்டாவுல வந்தவனுக்கு வேலை தெரியல." தெரியவிடாமப் பண்ணினது யாருய்யா?

வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் உலோகத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். அந்தச் சூத்திரன் இன்னைக்கு செக்‌ஷன் சூப்பிரண்டு. பார்ப்பானிடம் பட்டதை மறந்துவிட்டு நம்ம காதை அடைக்கிறான். அவனுக்கு அரக்கு தேவையில்லை, மௌனம் போதும்.

மலக்குழியைப் பாருங்கள். 2013ல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் அதில் இறக்கப்பட்டுச் சாகிறவர்கள் நம்மாட்கள். மூடியைத் திறந்து வச்சுக் காத்திருக்கணும், தீக்குச்சி அணைஞ்சா இறங்காதே என்று மூத்தவர் இளையவருக்குச் சொல்கிறார். இந்த நாட்டில் தொழிலறிவை ஒளிக்காமல் தருகிறவர் அவர்தான். ஒளித்தால் பிணம் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

நம்மில் மேலே போன சிலரையும் கேட்கிறேன். இருப்பது ஒரு இடம், அடுத்தவன் வந்தால் என் இடம் போச்சு என்று நீங்களும் வாயை மூடுகிறீர்கள். இடங்களைச் சுருக்கினவனை விட்டுவிட்டுச் சேரியிலிருந்து வருகிற தம்பியைப் பார்த்தா பயப்படுவது? அண்ணல் 1942ல் நாக்பூரில் கொடுத்த முழக்கம் 'கற்பி' என்றுதான் தொடங்குகிறது. கற்றுக்கொண்டு ஒதுங்கு என்று அவர் சொல்லவில்லை.

அரசாணைகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்பின் குறிப்புப் பக்கத்தையே நகல் கேட்கலாம். ஆனால் எதை, எப்போது, யாரிடம் கேட்பது என்று அனுபவப்பட்டவர் சொல்ல வேண்டும். தோழர்களே, சேரிகளில் ஞாயிறுதோறும் விதி வகுப்பு நடத்துவோம். பணி ஓய்வு பெற்றவர்களை அழைத்து வந்து உட்கார வைப்போம். மாணவர்கள் நோட்டோடு வரட்டும்.

தண்ணீரை மறுப்பது தீண்டாமை என்றால் வேலையறிவை மறுப்பதும் தீண்டாமைதான். அதற்கும் போராட்டம் உண்டு.