கூரைக்குக் கீழே இன்னொரு கூரை

சென்னையில் புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் அடிப்பதுதான். வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி உயரம் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஏ.சி. அறைக்கு மட்டும் 2.4 மீட்டர். ஒன்பதரை அடி அறையில் முக்கால் அடியைப் பலகைக்குத் தாரைவார்த்தால், அந்த அறை ஏ.சி.யை நம்பியே வாழ வேண்டியதுதான். ஃபேன் கம்பியை வெட்டிக் குட்டையாக்கி, இறக்கைகள் பலகையை ஒட்டிச் சுழன்றால் மேலிருந்து இழுக்கப் போதிய காற்று இருக்காது. மின்வெட்டு வரும் மே மாத இரவில் எல்.ஈ.டி. பட்டையும் கைகொடுக்காது.

மொட்டைமாடிக்குக் கீழுள்ள வீட்டில் பலகைக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி வெப்பத்தைத் தணிக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனால் தளத்தின் மேலேயே வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டால், வெயில் கான்கிரீட்டுக்குள் இறங்குமுன்பே பெருமளவு திரும்பிவிடும். நடுமாடிக்காரர்களுக்கோ அந்தச் சாக்கும் இல்லை. ஒயரை மறைக்க வேண்டுமா? சுவரோரம் ஓரடிப் பட்டை போதும். மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு இருக்கிறதே, முழுப் பலகை அடித்த வீட்டில் அது ஜிப்சம் ஊறிப் பழுப்பாகும்வரை யார் கண்ணிலும் படாது.