கரகரக்கும் ஒலி ஓர் எச்சரிக்கை

"50 வாற்று ஒலிபெருக்கிக்கு எத்தனை வாற்று அம்பிளிபயர் பொருந்தும்?" என இசைப்பிரியர் பலர் வினவுவதுண்டு. பெரிய அம்பிளிபயர் ஒலிபெருக்கியை எரித்துவிடும், சிறியதோ ஒருபோதும் தீங்கு செய்யாது என்பது பொதுவான எண்ணம். இதன் பிற்பாதி தவறானது.

ஒலிபெருக்கியினுள் காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. மின்னோட்டம் பாய்கையில் அது அசைந்து கூம்பை அதிரச் செய்கிறது. 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெலொக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் விளக்கிய அமைப்பே இன்றும் பெருவழக்கிலுள்ளது. வீட்டு ஒலிபெருக்கிகளில், வரும் வலுவில் நூற்றில் ஓரிரு பங்கே பெரும்பாலும் ஒலியாகிறது. எஞ்சியது வெப்பமாகிச் சுருளைச் சுடுகிறது.

சிறிய அம்பிளிபயரை அதன் எல்லைக்கு அப்பால் முடுக்கினால், அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அந்நிலையில் அது தனக்குக் குறிக்கப்பட்ட வலுவின் இருமடங்கு வரையும் வெளியிடக்கூடும். அன்றியும், மூல இசையில் இல்லாத உயர்ந்த அதிர்வெண்கள் தோன்றி, கீச்சொலிக்கென அமைந்த சிறிய ஒலிபெருக்கியைத் தாக்குகின்றன. அதன் சுருள் மிக நுண்ணியதாதலால் பெரும்பாலும் அதுவே முதலில் கருகும்.

அம்பிளிபயருக்கு நேரும் ஆபத்து வேறு. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 20 வோல்ற்று கொடுத்தால் 2.5 அம்பியர் பாயும். வலு 50 வாற்று. அத்தகைய இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் மொத்தத் தடை 4 ஓம் ஆகும். அதே வோல்ற்றில் 5 அம்பியர் பாயும். 8 ஓமுக்குக் குறையாத தடைக்கென்றே அமைந்த திரான்சிஸ்டர் அம்பிளிபயர் இச்சுமையால் சூடேறிப் பழுதடையலாம். தொடராக இணைத்தால் 16 ஓம். வலு குறையும், ஆயினும் அம்பிளிபயருக்குப் பளு இல்லை.

ஆகவே, இணைக்குமுன் அம்பிளிபயரின் பின்புறத்தில் குறித்துள்ள குறைந்தபட்ச ஓமைப் பாருங்கள். மின்னை நிறுத்திய பின்னரே கம்பிகளைத் தொடுங்கள். ஒலிபெருக்கி தாங்கும் அளவுக்குச் சமமான, அல்லது சற்றே கூடிய வலுவுள்ள அம்பிளிபயரை அடக்கமாகப் பயன்படுத்துதல் நலம். வலுவை இருமடங்காக்கினும் ஒலிமட்டம் 3 டெசிபெல் மாத்திரமே உயரும். செவிக்கு அது சிறு வேறுபாடே. அதற்காகத் திருகியை இறுதிவரை முடுக்குதல் வேண்டாம். பாட்டுக் கரகரக்கத் தொடங்கினால் உடனே ஒலியைக் குறைத்துவிடுங்கள்.