தலைவிதியா? தாமதமா?

“தோற்கவேண்டுமென்று தலையில் எழுதியிருந்தால் 49 வாக்கிலும் தோற்கத்தானே வேண்டும், ஐயா!” என்றார் செம்மேட்டுத் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர். இராதாபுரத்தைப் பற்றிய பேச்சு அது.

தலையில் எழுதியது கிடக்கட்டும், தோழர்களே! தாளில் எழுதியதைப் படிப்போம்.

2016 சட்டமன்றத் தேர்தலில் அத்தொகுதியில் இன்பதுரை பெற்றவை 69,590 வாக்குகள். அப்பாவு பெற்றவை 69,541. இடைவெளி 49. தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகளோ 203! காரணம்? உறுதிமொழித் தாளில் சான்றொப்பமிட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராம். அத்தகுதி அவருக்கு இல்லையாம்!

மாற்றுச் சான்றிதழில் அவர் கையெழுத்துச் செல்லும். வாக்குச் சாவடியை நடத்த ஆசிரியர் வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நம் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கொண்டுவரும் அலுவலர், கடமையின் பொருட்டுத் தம் ஊர்ச் சாவடியை இழக்கிறார். அவருக்கென அமைந்ததே அஞ்சல் வாக்கு. அவ்வாக்கை ஆசிரியரின் கையெழுத்தே செல்லாததாக்கும் என்றால், ஆசிரியனாகிய நான் வாளாவிருப்பதெங்ஙனம்?

வழக்குச் சென்றது. 2019 அக்டோபர் 1 அன்று அந்த 203 வாக்குகளையும், 19, 20, 21ஆம் சுற்று வாக்குகளையும் மீண்டும் எண்ணுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அக்டோபர் 4 அன்று எண்ணினர். முடிவை வெளியிடலாகாது என்று உச்சநீதிமன்றம் தடுத்தது. 2021இல் பேரவையின் காலமே முடிந்தது, முடிவு வெளிவரவில்லை! அவ்வாண்டுத் தேர்தலில் அதே தொகுதியில் வென்று அப்பாவு பேரவைத் தலைவரானார். ஆயினும், 2016இன் வினாவுக்கு அது விடையாகுமா?

சட்டம் ஊமையன்று. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 45 நாட்களுக்குள் மனுச் செய் என்கிறது. இயன்றவரை நாள்தோறும் விசாரி என்கிறது. ஆறு திங்களில் முடிக்க ‘முயல்க’ என்கிறது. முயல்க! அந்த ஒரு சொல்லின் நிழலில் மூன்றாண்டு உறங்கலாம், ஐந்தாண்டும் உறங்கலாம்.

“தோற்றவரெல்லாம் வழக்காடினால் ஆட்சி நடப்பதெப்படி?” என்பர். அதனாலன்றோ விரைவு வேண்டுமென்கிறோம்! வென்றவர் மெய்யாக வென்றிருப்பின், ஐந்தாண்டும் ஐயத்தைச் சுமக்கச் செய்வது அவருக்கும் இழைக்கும் அநீதியன்றோ? மாறாயின், மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் அவர்கள் பெயரால் அமர்ந்திருந்தார் என்றாகும். யார் பக்கம் உண்மை என்பதன்று என் வழக்கு; உண்மை உரிய காலத்தில் வெளிவரவேண்டும் என்பதே.

ஓர் அம்பால் ஐந்து விலங்குகளை வீழ்த்திய ஓரியின் மலை இது. ஒரு வாக்கும் அத்தகைய அம்பே. 2008இல் இராசத்தானத்தின் நாத்துவாராத் தொகுதியில் சி. பி. சோசி தோற்றது ஒரே வாக்கில்!

ஆகவே, இளைஞர்களே, ‘முயல்க’ என்பதை ‘முடிக்க’ என்று திருத்தக் கோருங்கள். தலையெழுத்தைத் திருத்த முடியாது என்பர் பழமையாளர். சட்டத்தின் எழுத்தைத் திருத்த முடியும். எழுதியவன் மனிதன்தானே!