‘வெறும் கருவிதானே’ என்பவர்களுக்கு

‘கத்தியால் காயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம்; சமூக ஊடகமும் அப்படித்தான், குற்றம் கருவியில் இல்லை’ என்பது வழக்கமான வாதம். மியான்மரில் ரோஹிங்யா முஸ்லிம்களுக்கு நேர்ந்ததை வைத்து அதை உரசிப் பார்ப்போம்.

‘வெறுப்பு முன்பே இருந்தது.’ உண்மைதான். 1982 குடியுரிமைச் சட்டமே அவர்களை நாடற்றவர்களாக்கிவிட்டது. 2012இல் அவர்கள் வாழும் ராக்கைன் மாநிலம் பற்றி எரிந்தது. ஆனால் சிம் கார்டு மலிந்து, பலருக்கு இணையம் என்றாலே பேஸ்புக் என்றான பிறகு, வதந்தியின் வேகமே வேறு. முஸ்லிம் தேநீர்க்கடைக்காரர் தம் பணிப்பெண்ணை வன்புணர்வு செய்ததாக 2014 ஜூலையில் கிளம்பிய புளுகு, மண்டலே நகரில் இரண்டு உயிர்களைக் குடித்தது.

‘சாமானியர்களின் கோபம்தான் அங்கே வெளிப்பட்டது.’ அது மட்டுமல்ல, ராணுவம் திட்டமிட்டு மூட்டிய கோபமும் இருந்தது. நூற்றுக்கணக்கான ராணுவத்தினர் பாப் பாடகர்கள், அழகிகள் பெயரில் பக்கங்கள் நடத்தி, கூட்டம் சேர்த்து, பிறகு நஞ்சு கலந்ததை 2018இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. 2017 செப்டம்பரில் பௌத்தர்களிடம் ‘முஸ்லிம்கள் தாக்க வருகிறார்கள்’ என்றும், முஸ்லிம்களிடம் ‘பௌத்தர்கள் திரள்கிறார்கள்’ என்றும் பரப்பியது ஒரே ராணுவ உளவுப் பிரிவு.

‘பொய் தானே வெளுத்துவிடும்.’ வெளுக்கும், காலம் கடந்து. பேஸ்புக் வழியே பிரசாரம் செய்துவந்த ராணுவப் பிரிவின் சரக்கைத் தொகுத்து 2018 ஜூலையில் ராணுவம் ஒரு நூல் வெளியிட்டது. ரோஹிங்யாக்கள் கொன்ற பௌத்தர்கள் என்று அதில் காட்டப்பட்ட பிணங்களின் படம், 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது டாக்காவில் எடுத்தது. ராய்ட்டர்ஸ் இதைக் கண்டுபிடித்தபோது, ராணுவத் தாக்குதலுக்குத் தப்பியோடிய 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேச முகாம்களில் இருந்தார்கள்.

‘நிறுவனம் நடவடிக்கை எடுத்ததே?’ எடுத்தது, 2018 ஆகஸ்ட் 27இல். ராணுவத் தளபதி மின் ஆங் லைங் உள்ளிட்டோரின் 18 கணக்குகளையும் 52 பக்கங்களையும் நீக்கியது. அவற்றைப் பின்தொடர்ந்தவர்கள் சுமார் 1.2 கோடிப் பேர். ஆனால் 2015 தொடக்கத்தில், புகார்களைப் பார்க்கப் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் இருந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. போதுமான அளவு செய்யவில்லை என்று பேஸ்புக்கே பின்னர் ஒப்புக்கொண்டது.

கடைசியாக அந்தக் கத்தி. அது யார் கைக்குப் போவதென்று தானே முடிவு செய்வதில்லை. பேஸ்புக்கின் அல்காரிதமோ எந்தப் பதிவு யார் கண்ணில் பட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறது. ஆத்திரத்தைக் கிளறும் பதிவுக்கு லைக்கும் பகிர்வும் குவிந்தால், அதையே மேலும் பலரிடம் கொண்டுபோகிறது. அதில் விளம்பரக் காசும் பார்க்கிறது. தேர்ந்தெடுப்பவருக்குப் பொறுப்பும் உண்டு. ஒரு மொழியில் கடை விரிக்கும் முன், அந்த மொழி தெரிந்த ஆட்களைப் போதுமான அளவில் நியமிக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.