தீக்குச்சியா, சுவரா?

ஒரு கட்டடம் இடிந்து விழுந்துவிட்டால் அந்த இடத்தில் முதலில் கூடுகிறவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள். அடுத்தபடியாகக் கூடுகிறவர்கள் காரணம் சொல்பவர்கள். விசாரணை நிபுணர்கள் எப்போதும் மூன்றாவதாகத்தான் வந்து சேருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் குற்றவாளி யார் என்பதை ஊரார் ஏகமனதாகத் தீர்மானித்துவிடுவதும் உண்டு. கடைசியாக அந்த இடத்தில் எதையாவது தொட்டவர் யாரோ, பெரும்பாலும் அவர் தலையில்தான் பழி விழும்!

1968-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி விடியற்காலையில் இலண்டன் மாநகரத்தின் கிழக்குப் பகுதியில் நடந்த சம்பவத்தில், அப்படித் தொட்டவர் ஒரு மாது. அவர் தொட்ட பொருள் ஒரு தீக்குச்சி.

கான்னிங் டவுன் என்னுமிடத்தில் ரோனன் பாயிண்ட் என்று ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. 22 மாடி, சுமார் 210 அடி உயரம், மொத்தம் 110 வீடுகள். ஜனங்கள் குடிவந்து இரண்டு மாத காலந்தான் ஆகியிருந்தது. 18-வது மாடியில் மூலை வீட்டில் இருந்த அந்த மாது காலை ஐந்தே முக்கால் மணிக்கு எழுந்து, தேநீர் போடலாம் என்று சமையலறைக்குப் போய்த் தீக்குச்சியைக் கிழித்தார். அறையில் கசிந்து தேங்கியிருந்த காஸ் குபீரென்று வெடித்தது. அவர் தூக்கி எறியப்பட்டு நினைவிழந்து கிடந்தார்; ஆனாலும் பிழைத்துக்கொண்டார். அவருடைய காஸ் அடுப்பும் பிழைத்தது. பிற்பாடு புது வீட்டுக்குப் போனபோது அதே அடுப்பைத்தான் எடுத்துச் சென்றாராம். பழகிய அடுப்பை விட்டுப் பிரிய மனம் வராது என்பது நம் இல்லத்தரசிகளுக்குத் தெரியாத விஷயம் அல்லவே!

கட்டடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெடியின் வேகத்தில் அந்த வீட்டின் வெளிச்சுவர் பெயர்ந்து வெளியே போய்விட்டது. அந்தச் சுவரை நம்பியிருந்த மேல் மாடிகள் நாலும் பிடிப்பற்றுச் சரிந்தன. சரிந்த பாரம் கீழ் மாடிமேல் விழ, அது அதற்குக் கீழுள்ளதன் மேல் விழ, இப்படியே தென்கிழக்கு மூலை முழுவதும் அடிவரையில் இறங்கிவிட்டது. நாலு பேர் மாண்டார்கள். 17 பேர் காயமடைந்தார்கள். சாவு நாலோடு நின்றதற்குக் காரணம் பொழுதுதான். கீழ் மாடிகளில் விழுந்தவை பெரும்பாலும் கூடங்கள். மனிதர்களோ படுக்கை அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவும் நெஞ்சு நடுங்குகிறது.

பிரிட்டிஷ் ஸர்க்கார் உடனே மூவர் கொண்ட விசாரணைக் கமிட்டியை நியமித்தார்கள். தலைவர் ஹ்யூ கிரிபித்ஸ் என்ற பாரிஸ்டர். இளமையில் கிளாமோர்கன் அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். மற்ற இருவரும் என்ஜினீயரிங் புரொபஸர்கள். ஸர் ஆல்பிரட் பக்ஸ்லி ஆகாயக் கப்பல்களிலும் விமானங்களிலும் எந்தப் பாகம் எப்போது ஒடியும் என்று ஆராய்ந்தே பெயரெடுத்தவர். ஸர் ஓவன் ஸாண்டர்ஸ் உஷ்ண சாஸ்திரத்தில் வல்லவர். சட்டம், பாரம், நெருப்பு ஆகிய மூன்றுக்கும் ஆளுக்கொருவராகப் பொறுக்கியிருந்தார்கள் என்று சொல்லலாம்.

காஸ் எங்கிருந்து கசிந்தது என்பதை அவர்கள் முதலில் கண்டுபிடித்தார்கள். அடுப்பையும் காஸ் குழாயையும் இணைக்கும் பித்தளை நட்டு ஒன்று விரிந்து போயிருந்தது. இருக்க வேண்டிய கனம் அதற்கு இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சாமானுக்காக ஒரு மாளிகையின் மூலையே போயிற்று என்று எழுதி, அறிக்கையை முடித்துக்கொண்டிருக்கலாம். பத்திரிகைக்காரர்களுக்கும் திருப்தியாக இருந்திருக்கும்.

கமிட்டியார் அங்கே நிற்கவில்லை. அடுத்தபடியாக அவர்கள் கேட்டது: அந்த வெடி எவ்வளவு பெரியது? இதற்குச் சாட்சி சொன்னது எது தெரியுமோ? அந்த மாதின் காது! வெடித்த இடத்திலேயே நின்றிருந்தும் அவருடைய செவிப்பறை கிழியவில்லை. சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 ராத்தல் அழுத்தம் ஏற்பட்டிருந்தால் அது தாங்கியிராது என்பது நிபுணர்களின் கணக்கு. சமையலறைச் சாமான்களைச் சோதித்ததிலும் அதே முடிவுதான் கிடைத்தது. ஆக, வெடி ஒன்றும் பிரமாதமானதல்ல. காஸ் அடுப்பு உள்ள எந்த வீட்டிலும் என்றைக்காவது ஏற்படக்கூடியதுதான். பிறகு சுவரின் பலத்தைப் பரீட்சித்தார்கள். மூலையைத் தாங்கிய வெளிச்சுவரைப் பெயர்க்க சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 ராத்தல் அழுத்தமே போதும் என்று தெரிந்தது. மனிதக் காது தாங்கியதை அந்த மாளிகையின் சுவர் தாங்கவில்லை!

ஏன் இப்படி? அந்தக் கட்டடத்துக்குத் தூணும் இல்லை, உத்தரமும் இல்லை. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மூட்டுக்களில் சாந்து பூசி இணைத்திருந்தார்கள். பாரமெல்லாம் சுவர்மேல். சுவர் தன் இடத்தில் நின்றதோ, மேலிருந்து அமுக்கும் பாரத்தாலும் அந்த மூட்டுக்களின் தயவினாலும். உச்சிக்குப் போகப் போக மேலே அமுக்கும் பாரம் குறைகிறது. அந்த அளவுக்குச் சுவரின் பிடிப்பும் குறைகிறது. 18-வது மாடி உச்சிக்குச் சமீபமானது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒரு சுவர் போனால் பாரத்தை ஏற்றுக்கொள்ள வேறு வழியே இல்லை. குழந்தைகள் சீட்டுக்கட்டால் வீடு கட்டுவார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமைதான்.

இதைவிட விபரீதமான செய்தி ஒன்றும் அறிக்கையில் இருந்தது. ரோனன் பாயிண்ட் அப்போதிருந்த விதிகளை மீறிக் கட்டப்பட்டதல்ல! எழுதியவர்கள் இப்படி ஒரு கட்டடத்தை நினைத்தே எழுதாத விதிகள் அவை. யுத்தத்துக்குப் பின் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய தேசம் அது. உயரமாகக் கட்டக் கட்ட ஸர்க்கார் மானியம் அதிகம் என்று 1956-ல் சட்டமும் வந்திருந்தது. வெள்ளைக்கார என்ஜினீயர் கட்டினால் கல்லும் அசையாது என்று நம் நாட்டில் ஒரு காலத்தில் பேசிக்கொள்வார்கள். மானியமும் அவசரமும் சேர்ந்தால் எந்தத் தேசத்துக் கல்லும் அசையும் போலிருக்கிறது.

இருந்தாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். விபத்து மே மாதத்தில். அறிக்கை அதே வருஷம் நவம்பரில் வெளியாகிவிட்டது. விசாரணை என்றால் வருஷக் கணக்கில் நடக்கும் என்றும், அறிக்கை என்றால் பீரோவில் உறங்கும் என்றும் பழகிப்போன நமக்கு இது பொறாமையை உண்டாக்கும். 1970-ல் சட்டமும் திருத்தப்பட்டது. ஐந்து மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில், தாங்கும் பாகம் ஒன்று போனாலும் சேதம் அக்கம்பக்கத்தோடு நின்றுவிட வேண்டும். இல்லையேல் அந்தப் பாகம் சதுர அங்குலத்துக்கு 5 ராத்தல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று விதித்தார்கள். காரணத்துக்குப் பொருத்தமில்லாத அளவில் கட்டடம் விழலாகாது என்னும் இந்தக் கொள்கை, பிறகு மற்றத் தேசங்களின் கட்டட விதிகளிலும் இடம்பெற்றது.

ரோனன் பாயிண்ட் கட்டடத்தையோ இடிக்கவில்லை. விழுந்த மூலையைத் திரும்பக் கட்டி, மூட்டுக்களுக்கு இரும்புப் பட்டை போட்டு, மறுபடி குடிவைத்துவிட்டார்கள். ஸாம் வெப் என்ற கட்டடக் கலைஞர் மட்டும், இது போதாது என்று வருஷக் கணக்காகச் சொல்லி வந்தார். கமிட்டியார் வரைபடத்தையும் கணக்கையும் பார்த்தார்கள், பலகைகளைச் சோதித்தார்கள், எல்லாம் சரி. நிற்கிற மூட்டு ஒவ்வொன்றின் உள்ளேயும் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் யார் என்பது அவர் கேள்வி. கடைசியில் 1986-ல் கட்டடத்தை அகற்றத் தீர்மானித்தபோது, அவர் வற்புறுத்தலின்பேரில் அதை வெடிவைத்துத் தகர்க்காமல் மாடி மாடியாகப் பிரித்தார்கள்.

பிரித்த இடமெல்லாம் வெட்கக்கேடு. சாந்து நிரம்பியிருக்க வேண்டிய மூட்டுக்களில் பொந்து. சிலவற்றில் பழைய செய்தித்தாள் திணித்திருந்தது! பலகையை மட்டம் பார்த்து நிறுத்துவதற்காக அடியில் வைத்த இரண்டிரண்டு திருகாணிகளின் மேலேயே சுவர்களின் பாரம் உட்கார்ந்திருந்தது. மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கியிருந்தது. இந்தக் கட்டடத்தில்தான் விபத்துக்குப் பிறகும் பத்து வருஷங்களுக்கு மேலாகக் குடும்பங்கள் சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளைகளை வளர்த்தன. விசாரணையின் கெட்டிக்காரத்தனத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் அன்றே நாலு மூட்டை உடைத்துப் பார்த்திருந்தால் அத்தனை காலம் அவர்கள் அங்கே படுத்துறங்க நேர்ந்திராது.

2017-ம் வருஷம் இலண்டனில் கிரென்பெல் டவர் தீவிபத்துக்குப் பிறகு, மற்ற உயர்ந்த கட்டடங்களையும் சோதிக்கப் புறப்பட்டார்கள். பெக்காம் பகுதியில் லெட்பரி எஸ்டேட் என்ற இடத்தில் 13 மாடிக் கட்டடங்கள் நாலு உண்டு. ரோனன் பாயிண்ட் காலத்தவை, அதே பலகை ஜாதி. 1968-க்குப் பிறகு செய்திருக்க வேண்டிய பலப்படுத்தும் வேலை அங்கே நடக்காமலே இருந்திருக்கலாம் என்று நிபுணர்கள் தெரிவித்ததும், ஆகஸ்டு மாதத்தில் அவசர அவசரமாகக் காஸை நிறுத்தினார்கள். சுவரில் விரிசல் விட்டிருக்கிறது என்று அங்கே குடியிருந்தவர்கள் அதற்கு முன்பே முறையிட்டிருந்தார்கள்.